உங்கள் ஹார்ட் டிஸ்க் நலமா? ஒரே வரியில் தெரிஞ்சுக்கலாம்!

சாதிச் சான்று, பட்டா நகல், மதிப்பெண் பட்டியல், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ... போனில் இடம் நிறைஞ்சதும் எல்லாத்தையும் எங்கே மாத்துறோம்? வீட்டில் இருக்கும் லேப்டாப்புக்குத்தானே! 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய லேப்டாப்பைக்கூட சிலர் பத்திரமாக வைத்திருப்பீர்கள். ஆனால், ஹார்ட் டிஸ்க்குக்கும் வயசாகும்.

அதைக் கண்டறிய தனியாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலேயே ‘ஸ்மார்ட்’ என்ற சுய கண்காணிப்பு வசதி உள்ளது. பழுதான பகுதிகள், வெப்பநிலை, ஓடிய மணிநேரம் ஆகியவற்றை அது குறித்து வைக்கும்.

எப்படிப் பார்ப்பது?

*விண்டோஸ் 10, 11:* ஸ்டார்ட் மெனுவில் ‘பவர்ஷெல்’ எனத் தேடித் திறங்கள். ‘கெட்-பிசிக்கல்டிஸ்க்’ என ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டச்சு செய்து என்டர் தட்டுங்கள். ‘ஹெல்த் ஸ்டேட்டஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள்.

*விண்டோஸ் 7:* ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ திறந்து, ‘டபிள்யூஎம்ஐசி டிஸ்க்டிரைவ் கெட் ஸ்டேட்டஸ்’ என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு தட்டச்சு செய்யுங்கள்.

பதில் என்ன சொல்கிறது?

- ‘ஹெல்தி’ அல்லது ‘ஓகே’: இப்போதைக்குப் பிரச்சினை தென்படவில்லை.
- ‘வார்னிங்’, ‘அன்ஹெல்தி’ அல்லது ‘பிரெட் ஃபெயில்’: டிஸ்க் எந்த நேரமும் நின்றுபோகலாம். இன்றே நகல் எடுங்கள்.

இதையும் கவனிங்க

‘ஹெல்தி’ என்று வந்தாலும் அது உத்தரவாதம் இல்லை. எச்சரிக்கையே தராமல் திடீரென நின்றுபோகும் டிஸ்க்குகளும் உண்டு. யுஎஸ்பி மூலம் இணைக்கும் சில டிஸ்க்குகள் சரியான தகவலைத் தராது.

எச்சரிக்கை வந்தவுடனே ‘செக்டிஸ்க்’ ஓட்டிப் பார்க்கலாம்னு தோணும். அவசரப்படாதீங்க! டிஸ்க் முழுவதையும் படிக்கும் சோதனை, பலவீனமான டிஸ்க்குக்குக் கூடுதல் சுமை. முதலில் நகல், பிறகுதான் சோதனை. ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எதை முதலில் காப்பாற்றுவது?

குடும்பப் போட்டோக்களைத்தான்! துறைகள் மின்னணு முறையில் வழங்கிய சான்றிதழ்களை டிஜிலாக்கரில் திரும்ப எடுக்கலாம். அவை அசலுக்கு இணையாகச் செல்லும். நீங்களே ஸ்கேன் செய்து பதிவேற்றியவைக்கு அந்த மதிப்பு இல்லை. அதனால் அசல் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

போட்டோவுக்கு மறு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை. ஒரு நகல் வெளி டிஸ்க்கில், இன்னொன்று கிளவுடில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த ஒரு வரியைத் தட்டிப் பாருங்க. ஒரு நிமிஷ வேலைதான்!