பன்றி உண்ணாதவருக்கும் வரும் மூளைப் புழு

2004 முதல் 2012 வரை ஒளிபரப்பான ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்க வைத்தியசாலைத் தொடரை நம் இளைஞர்கள் இப்போதும் தேடிப் பார்க்கிறார்கள். அதன் முதல் அங்கத்தில், பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர் பாடம் நடத்தும்போதே பேச்சுக் குழறி, வலிப்பு வந்து விழுகிறார். அவரது மூளையில் இருப்பது பன்றி நாடாப்புழுவின் குடம்பி என்று டொக்டர் ஹவுஸ் கண்டுபிடிக்கிறார். துப்புக் கொடுத்தது, அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பன்றி இறைச்சி.

இதைப் பார்க்கும் நம்மவர், “அல்ஹம்துலில்லாஹ், இது நமக்கு வராது” என்று நினைப்பது இயல்பு. அது சரியல்ல.

சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள குடம்பியை விழுங்கினால், அது குடலில் நாடாப்புழுவாக வளரும். அந்த இறைச்சியிலிருந்து எதுவும் நேரே மூளைக்குப் போவதில்லை. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்தமான நீர், சரியாகக் கழுவாத கீரை வழியாக அந்த முட்டைகள் ஒருவரின் வாய்க்குள் போனால்தான், குடம்பிகள் இரத்தத்தில் கலந்து மூளையில் நீர்க்கட்டிகளாகத் தங்கும். அவர் பன்றி உண்பவரா இல்லையா என்று முட்டை பார்ப்பதில்லை. புழு உள்ளவர் தன் கையாலேயே தனக்கும் தொற்ற வைக்கலாம், தான் சமைப்பதை உண்பவருக்கும் தொற்ற வைக்கலாம்.

இத்தொடர் வருவதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே இது பதிவாகியிருந்தது. நியூயோர்க்கில், பன்றியைத் தொடாத வைதீக யூத சமூகத்தில் நான்கு பேருக்கு இந்நோய் வந்ததை 1992 இல் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். இந்நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள் மூலம் தொற்றியிருக்கலாம் என்பது அவர்களது முடிவு. இந்தியாவில் மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் வருகிறது. இந்நோய் பரவலாக உள்ள பல பிரதேசங்களில் வலிப்பு நோயாளரில் சுமார் 30 சதவீதமானோருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் இந்தியா உட்பட அத்தகைய நாடுகளுக்குப் போய்வருகிறார்கள். அப்படி ஒருவருக்கு நாளை இந்நோய் கண்டால், “எங்கேயோ ஹராம் தின்றிருக்கிறான்” என்று ஊர் பேசும். சம்பந்தம் பேசியவர்கள் பின்வாங்குவார்கள். அந்தப் பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. நோயைக் கொண்டு ஒரு முஸ்லிமின் உணவைச் சந்தேகிப்பது அநியாயம்.

நாம் தண்ணீரால் சுத்தம் செய்பவர்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கையைப் பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறோமா? எத்தனை பாடசாலை மலசலகூடங்களில் சவர்க்காரம் இருக்கிறது? வுழூச் செய்தாலே போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வல்லாரைச் சம்பலுக்குக் கீரையை ஒரு தடவை அலசிவிட்டு நிறுத்துகிறோம்.

இன்னொன்று. நாடகத்தில் ஆசிரியைக்கு மாத்திரை கொடுத்ததும் கதை முடிகிறது. உண்மையில், மூளையிலுள்ள கட்டி மருந்தால் சாகும்போது சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு கூடலாம். ஆகவே ஸ்கேன் பார்த்து, வலிப்பைக் கட்டுப்படுத்தி, புழு மருந்து தேவையா என்று நரம்பியல் நிபுணரே தீர்மானிப்பார். வலிப்புள்ள பிள்ளைக்குப் பாமசியில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.