கடிக்காத நாய்தான்... ஆனால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே!

விருதுநகர் மாவட்ட வாசகர் ஒருவர் தன் சிப்பிப்பாறை நாயைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வயது 10 மாதம். யாரையும் கடித்ததில்லை. ஆனால், தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் ஆளைக் கண்டால் மேலே தாவுகிறது. வேறு நாயைக் கண்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. புல்லுக்கட்டோடு எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா தடுமாறி விழுந்ததில், இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுவிட்டதாம். அடித்தும் அடங்கவில்லை, விற்றுவிடலாமா என்கிறார்.

விற்க வேண்டாம். வேளாண்மை அலுவலரிடம் நாய்க் கேள்வியா என்று சிலர் சிரிக்கலாம். வயல் ஆய்வுக்கு வரும் எங்களை முதலில் எதிர்கொள்வது உங்கள் வீட்டு நாய்தானே!

ஏறக்குறைய 6 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். அதிலும் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனங்கள். ஓடுவதைக் கண்டால் கால் நிற்காது. ஆள்மீது தாவுவது வேறு கதை. குட்டியாக இருந்தபோது தாவினால் தூக்கிக் கொஞ்சினோம். அதையேதான் இப்போதும் எதிர்பார்க்கிறது. இந்த நேரத்தில் அடித்தால், ‘எதிரே ஆள் வந்தால் நமக்கு அடி விழும்’ என்றுதான் கற்றுக்கொள்ளும். பிறகு ஆளைக் கண்டாலே உறுமும். நல்ல நாயைக் கடிநாயாக்க இந்த ஒரு வழியே போதும்.

முதலில் சங்கிலியை மாற்றுங்கள். கழுத்துக்கு அகலமான துணிப் பட்டையும் 6 அடி பருத்திக் கயிறும் போதும். நைலான் கயிறு கையை அறுத்துவிடும். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய், அவிழ்த்ததும் பாயத்தான் செய்யும். அதனால் வேலி உள்ள இடத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு வெளியே கூட்டிப்போங்கள். வெயில் ஏறிய தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும். காலையோ மாலையோதான் நல்லது.

இழுத்தால், நீங்கள் அப்படியே நின்றுவிடுங்கள். கத்தவும் வேண்டாம், பதிலுக்கு இழுக்கவும் வேண்டாம். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் சில நாள்கள் தெருமுனை தாண்டவே கால் மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாதவர் கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது தூரம். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வேறு நாய் வந்தால் அருகே கொண்டுபோய்ப் ‘பழக்க’ப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் அந்த நாயைப் பார்த்தும் உங்கள் நாய் பாயாமல், கொடுத்த தீனியைத் தின்கிறதோ, அங்கேதான் தொடங்க வேண்டும். அது 50 அடியாக இருந்தாலும் சரி. பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் வேகவைத்த முட்டையிலோ ஈரலிலோ சுண்டுவிரல் நகம் அளவு கொடுங்கள். தீனியைத் தொடாமல் முறைத்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். வரப்பு மாறிப் போய்விடுங்கள். தினம் 10 நிமிடம் போதும். சில நாள் ஒழுங்காக இருந்த பிறகு சில அடிகள் குறையுங்கள்.

ஆட்டுப்பட்டியிலும் இதே முறைதான், ஆனால் இன்னும் தூரமாக. விளையாட்டுக்குத் துரத்தினாலும் குட்டி சாகலாம், சினை ஆடு கரு கலையலாம். உங்கள் நாய் கடிக்காது என்பது ஆட்டுக்குத் தெரியாது.

ஆள்களிடம் பழக்குவதில் நாயைவிட மனிதர்கள்தான் சிரமம். தாவும்போது யாரும் தொடக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். நான்கு காலும் தரையில் ஊன்றிய பிறகே தடவ வேண்டும். வீட்டில் அப்பா தடுத்து மகன் கொஞ்சினால் ஒன்றும் நடக்காது. விழுந்த அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். ஊசி போட்ட அட்டையையும் காட்டுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் தொடங்கி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, பிறகு ஆண்டுதோறும். போடவில்லை என்றால் இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். விளையாட்டாகத் தாவியதில் நகமோ பல்லோ பட்டுக் கீறினாலும், ஊசி போட்ட நாய்தானே என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

ஆடு மேயும் பக்கம் மட்டும், நாய் எவ்வளவு பழகினாலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.