வீட்டுக் கணினியில் லினக்ஸ்: நிறுவும் முறையும் நினைவில் கொள்ளத்தக்கனவும்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் மென்பொருள் தொகுதியே இயங்குதளம் எனப்படும். விசைப்பலகையில் தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதும், எழுதிய கட்டுரை வன்தட்டில் கோப்பாகச் சேமிக்கப்படுவதும் அதன் வழியாகவே நிகழ்கின்றன. கடையில் வாங்கும் கணினியில் அது பெரும்பாலும் முன்னரே நிறுவப்பட்டிருப்பதால், அதனை நாமே மாற்றியமைக்கலாம் என்னும் எண்ணம் பலருக்குத் தோன்றுவதில்லை.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல், ஒவ்வொருவர் கோப்புக்கும் தனித்தனி உரிமை வகுத்தல், சிறு கருவிகளை இணைத்துப் பெரும்பணி முடித்தல் ஆகியன அதன் இயல்புகளாக வளர்ந்தன. யூனிக்ஸை ஒத்ததும், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதுமான ஓர் இயங்குதளத்தை ஆக்கும் குனூ திட்டத்தை 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டையும் இணைத்து நாம் நிறுவத்தக்க வடிவில் தரும் தொகுப்புகளுள் ஒன்று, 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன்.

இதனை இன்று அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி முதலியவற்றைக் கோருகிறது. இதனால், நல்ல நிலையில் இயங்கும் பழைய கணினிகள் பல புதிய பதிப்பை ஏற்க இயலாதனவாயின. அத்தகைய கணினி ஒன்று லினக்ஸின் துணையால் ஒரு மாணவரின் படிப்புக்கு மேலும் சில ஆண்டுகள் உதவக்கூடும்.

நிறுவுதற்கு முன் செய்யவேண்டுவன மூன்று. முதலாவது, ஒளிப்படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனச் சரிபார்த்தல். இரண்டாவது, டெபியன் கோப்பைப் பதிவிறக்கி, அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுதல். ஷா-256 எனப்படும் அத்தொகை 64 குறியீடுகள் கொண்டது. கோப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் அத்தொகை மாறிவிடும். மூன்றாவது, அக்கோப்பை உரிய செயலியின் துணையால் யூஎஸ்பி விரலியில் எழுதுதல். அவ்வாறு எழுதும்போது விரலியில் முன்பிருந்தவை அழிந்துவிடும்.

பின்னர்க் கணினியை மீண்டும் இயக்கி, எஃப்2, எஃப்12, எஸ்கேப் போன்ற விசைகளுள் அக்கணினிக்கு உரியதை அழுத்தி, விரலியிலிருந்து தொடங்குமாறு செய்யவேண்டும். வன்தட்டைத் தொடாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்க உதவும் நேரடிப் பதிப்பும் உண்டு. ஒலி, கம்பியில்லா இணையம், அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என்பதை அதிலேயே சோதித்தல் நன்று.

நிறுவல் தொடங்கியதும் கணினி வினாக்களை ஒவ்வொன்றாகத் தொடுக்கும். மொழி, நேர வலயம், விசைப்பலகை, பயனர் பெயர் போன்றவற்றுக்கு அளித்த விடைகளைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் வினா அத்தகையதன்று. நிலத்தை வரப்பிட்டுப் பங்கிடுவதைப் போன்றது இப்பணி. 'முழு வன்தட்டையும் பயன்படுத்துக' என்பதைத் தேர்ந்தால் பழைய வரப்புகள் அழியும். அவற்றோடு விண்டோஸும் கோப்புகளும் மறையும். இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், முதலில் விண்டோஸிலேயே அதன் பகுதியைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்கி, அவ்விடத்தை மட்டும் லினக்ஸுக்கு அளித்தல் வேண்டும். பிட்லாக்கர் மறையாக்கம் உள்ள கணினியாயின், மீட்புச் சாவி எண்ணை முன்கூட்டியே குறித்துவைத்தல் இன்றியமையாதது. மாற்றங்களை வன்தட்டில் எழுதுமுன் நிறுவி இறுதியாக ஒருமுறை இசைவு கேட்கும். அதுவரை பின்வாங்க வழியுண்டு.

ஆதலின், நிறுவுதலில் முதன்மையான திறன் வினாவை விளங்கிப் படித்தலேயாகும். வினா எம்மொழியில் அமைகிறது என்பதும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. டெபியனின் வரைகலை நிறுவியில் தமிழைத் தேர்ந்து, வினாக்களைத் தமிழிலேயே படிக்கலாம். கணினியில் தமிழ் தானாக வந்து அமர்ந்துவிடவில்லை. 1997-இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடும், 1999-இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்ற சென்னை மாநாடும், தமிழுக்கு ஒருங்குகுறியில் கிடைத்த இடமும் அதற்கு வழிவகுத்தன. நிறுவியின் தமிழ்த் தொடர்கள் தன்னார்வலர்களின் உழைப்பால் அமைந்தவை. சில தொடர்கள் கடினமாகத் தோன்றலாம். சில இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். அவற்றைத் திருத்தும் உரிமையை இம்மென்பொருளின் உரிமமே நமக்கு அளிக்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவும் ஆக்கலாம். கோப்புகள் ஏதுமற்ற பழைய கணினி ஒன்றைத் தெரிந்து, மாணவர்களைக் குழுவாக அமர்த்தி, ஒவ்வொரு வினாவையும் உரக்கப் படிக்கச் செய்து, அதன் பொருளை அவர்கள் தம் சொற்களில் கூறிய பின்னரே விடையளிக்கச் செய்யலாம். விளங்காத சொற்களைக் குறித்துவைத்தால், பொருத்தமான கலைச்சொற்களை ஆராய்ந்து மொழிபெயர்ப்புக் குழுவினர்க்கு எழுதியனுப்புதல் அடுத்த பாடமாகும்.