ஏரியல் உடைந்தால் ரேடியோ கெட்டதா?

மழைக்காலம். மாட்டுங்கா ரயில் நிலையத்தின் வெளியே டாக்சிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு டாக்சியில் மட்டும் ரேடியோ கரகர என்று இரைகிறது. பாட்டும் கேட்கவில்லை. செய்தியும் புரியவில்லை.

அந்த ஓட்டுநர் ஒரு கடைக்குப் போனார். "செட் போய்விட்டது. புதிது வாங்குங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்ன விலை அவருடைய மூன்று நாள் வருமானம்.

அவர் வாங்கவில்லை. தாராவிக்கு வந்தார். 90 அடிச் சாலைப் பக்கம் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்பவர்.

"அண்ணாச்சி, புது செட் வாங்கணும்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவை பாருங்க."

"இரு தம்பி. காசு செலவில்லாத வேலையை முதல்ல பார்ப்போம்."

அண்ணாச்சி செட்டைத் தொடவே இல்லை. வெளியே இருந்த ஏரியலைப் பார்த்தார். கம்பி பாதியில் முறிந்து கிடந்தது. அடியில் துரு ஏறி இருந்தது.

"நோய் இங்கே இருக்கு. நீ அங்கே மருந்து வாங்கப் பார்த்தே" என்று சிரித்தார்.

ரேடியோ பாட்டுக்கு மட்டும்தானா?

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரை புரண்டது. சாலைகள் மூழ்கின. பல இடங்களில் மின்சாரம் இல்லை. கைபேசிகளும் வேலை செய்யவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வண்டிகளிலேயே இரவைக் கழித்தார்கள்.

அப்படிப்பட்ட நாளில் எந்தச் சாலையில் தண்ணீர், எது திறந்திருக்கிறது என்று யார் சொல்வது? வண்டி ரேடியோ வண்டியின் பேட்டரியில் ஓடும். வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசும். ஆகவே அது கெடாமல் இருப்பது நல்லது.

ஏரியல் என்ன செய்கிறது?

ரேடியோ நிலையம் அலைகளை அனுப்புகிறது. அவை நம் கண்ணுக்குத் தெரியாது. காற்று வெளியில் வரும் அந்த அலைகளைப் பிடிப்பது ஏரியல். பிடித்ததை வயர் வழியாகச் செட்டுக்கு அனுப்புகிறது. வண்டியின் உடல் இரும்புத் தகரம். அது அலைகளைத் தடுக்கும். அதனால்தான் ஏரியலை வெளியே வைக்கிறார்கள்.

ஏரியலுக்கு ஒரு நீளக் கணக்கு உண்டு. எஃப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளன. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அதாவது ஏறத்தாழ ஒன்றரை முழம். அந்த நீளமுள்ள கம்பி அலையை நன்றாகப் பிடிக்கும்.

பம்பாயில் 1927 ஜூலை 23 அன்று வானொலி நிலையம் திறந்தார்கள். அந்தக் காலத்து மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அதைப் பிடிக்க வீட்டுக் கூரை மேல் நீளமாகக் கம்பி கட்டினார்கள். எஃப்.எம்.முக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை.

குறை எங்கே? நீங்களே கண்டுபிடிக்கலாம்

1. ஓர் இடத்தில் மட்டும் ஒலி மங்குகிறதா? செம்பூர் பக்கம் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் சுரங்கப் பாதை இருக்கிறது. அதற்குள் ஒலி மங்கினால் அது ரேடியோவின் குற்றம் இல்லை. உயரமான கட்டடங்களும் எஃப்.எம். அலையை மறைக்கும். எல்லா இடத்திலும் இரைந்தால்தான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

2. எஞ்சினை நிறுத்திக் கேளுங்கள். நிறுத்தியதும் ஒலி தெளிவானால் குறை ஏரியலில் இல்லாமல் இருக்கலாம். எர்த் வயர் அல்லது எஞ்சின் வயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கைபேசி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் சில ரேடியோவில் இரைச்சல் உண்டாக்கும். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

4. ஏரியலின் அடிப்பகுதியைப் பாருங்கள். மழைநீர் அங்கே இறங்கித் துருப்பிடிக்கும். உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். திருகை இறுக்குங்கள். ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

5. செட்டின் பின்னால் உள்ள ஏரியல் பிளக்கை அழுத்திப் பாருங்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி அது தளர்ந்துவிடும்.

6. பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையின் நடுவில் ஒன்றரை முழ வயரைச் செருகுங்கள். மறு நுனியை ஜன்னல் பக்கம் பிடியுங்கள். ஸ்டேஷன் தெளிவாக வந்தால் செட் நன்றாக இருக்கிறது. குறை ஏரியலில் அல்லது அதன் வயரில்தான்.

அண்ணாச்சியும் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்தார். பாட்டு தெளிவாகக் கேட்டது. புது செட் வாங்கச் சொன்ன செலவு மிச்சமானது.

உடைந்த கம்பிக்கு மாற்று

பல வண்டிகளில் ஏரியல் கம்பியை மட்டும் திருகிக் கழற்றலாம். அப்படியானால் முழு ஏரியலும் வாங்க வேண்டாம். கம்பி மட்டும் போதும். பழைய கம்பியைக் கையோடு எடுத்துப் போங்கள். மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும். குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே விசாரிக்கலாம்.

அதுவரை என்ன செய்வது? கிழிந்த நீளக் குடையின் கம்பி ஒன்றை எடுங்கள். அதன் நுனியையும் மிச்சமுள்ள ஏரியல் துண்டையும் பளபளப்பாகச் சுரண்டுங்கள். இரண்டையும் சேர்த்து, மெல்லிய செம்புக் கம்பியால் இறுக்கச் சுற்றுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் நல்லது. மேலே டேப் ஒட்டுங்கள். கம்பி வண்டியின் தகரத்தில் படவே கூடாது. பட்டால் அலை செட்டுக்குப் போகாது.

கவனம் தேவை

குடைக் கம்பியின் நுனி கூர்மையானது. அதை வளையமாக மடக்குங்கள். தெருவில் விளையாடும் குழந்தைகளின் கண் நம் கண் போல.

செட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். வயரை முன் கண்ணாடியில் பார்வையை மறைக்கும்படி கட்டாதீர்கள்.

புதிய கார்கள் சிலவற்றில் ஏரியல் கண்ணாடியிலேயே பதிந்திருக்கும். சிலவற்றில் கூரை மேல் சுறா மீனின் துடுப்பு போல இருக்கும். அவற்றுக்குள் மின்சாரத்தில் இயங்கும் சிறு கருவி இருக்கலாம். அங்கே இந்தக் கம்பி வேலை வேண்டாம். தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மறுநாள் அந்த ஓட்டுநர் மாட்டுங்காவில் வரிசையில் நின்றார். ரேடியோ மழைச் செய்தி சொன்னது. பக்கத்து டாக்சிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"புது செட்டா அண்ணே?"

"இல்லப்பா. பழைய குடை!"

ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் உடனே புதிது வாங்கத் தேவையில்லை. எந்தப் பகுதி கெட்டது என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் காரணம் சொல்லட்டும். பிறகு பணத்தை எடுங்கள்.