மூன்று கிலோமீட்டர் ஓடும் காருக்கு எந்த ஆயில்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கார் ஒரு நாளில் எவ்வளவு ஓடிவிடும்? காலையில் குடியிருப்பு வட்டத்திலிருந்து அலுவலகம், மதியம் சாப்பாட்டுக்கு வீடு, மாலையில் மெயின் பஜார். ஒவ்வொரு நடையும் சில கிலோமீட்டர்தான். ஓடாத வண்டியில் ஆயில் எப்படிக் கெடும் என்றுதான் உரிமையாளர் நினைப்பார். எஞ்சினின் கணக்கு வேறு. எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைத்துவிட்டால், அந்த நீராவி குளிர்ந்து ஆயிலில் தங்கிவிடும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். சென்னை வரை ஒரே ஓட்டமாக ஓட்டினால் இரண்டும் ஆவியாகிப் போகும்; பஜாருக்குப் போய்வந்தால் போகாது. குறுகிய தூர ஓட்டத்தையும் தூசியையும் பல கார் கையேடுகள் ‘கடுமையான பயன்பாடு’ என்றே வகைப்படுத்துகின்றன. நெய்வேலியில் இரண்டும் உண்டு.

இந்த விவரம் தெரிந்தவர்கள் சிந்தெட்டிக் ஆயிலுக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். அங்கேதான் ஊருக்கு ஊர் உலவும் அந்த எச்சரிக்கை குறுக்கே வருகிறது: “ஒரு தடவை சிந்தெட்டிக் ஊத்திட்டா, அப்புறம் சாதா ஆயிலுக்குத் திரும்பவே கூடாது சார்!”

திரும்பலாம். ஆனாலும் இது ஆதாரமில்லாமல் பிறந்த பயம் அல்ல. 1970-களில் கடைக்கு வந்த தொடக்ககால சிந்தெட்டிக் ஆயில்களில் சில, ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகவில்லை. மினரல் எனப்படும் சாதா ஆயிலில் ஊறி உப்பியிருந்த சீல், புது ஆயில் பட்டதும் சுருங்கும், ஒழுகத் தொடங்கும். பிறகு சீலைப் பதமாக வைத்திருக்கும் எஸ்டர் போன்ற சேர்மங்களைக் கலந்து தயாரிப்பாளர்கள் அதைச் சரிசெய்தார்கள். குறை தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியும் வதந்தி மட்டும் சர்வீஸ் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐயின் சான்றுள்ள ஆயில், மற்ற ஆயில்களோடு பிரியாமல் கலக்கிறதா என்ற சோதனையிலும் தேற வேண்டும். அவ்வளவு ஏன், கடையில் ‘செமி சிந்தெட்டிக்’ என்று விற்பதே சிந்தெட்டிக்கும் மினரலும் கலந்த சரக்குதானே!

பழைய வண்டியில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கசடு, தேய்ந்த கேஸ்கெட்டின் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயிலில் உள்ள கழுவும் பொருள் அந்தக் கசடைக் கரைத்தால் ஒழுகல் வெளியே தெரியவரும். பழி சிந்தெட்டிக் மேல் விழும். ஓட்டை முன்பே இருந்தது.

சிந்தெட்டிக் என்ற பெயரும் நாம் நினைக்கும் அளவுக்குச் சுத்தமானதல்ல. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் போன்ற ஆலைகள் கச்சா எண்ணெயிலிருந்து அடிப்படை எண்ணெயைப் பிரித்தெடுக்கின்றன. அத்தகைய எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தால் ‘குரூப் 3’ என்ற உயர்ரகம் கிடைக்கும். அதை சிந்தெட்டிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று ஆயில் நிறுவனங்களான மொபிலும் காஸ்ட்ரோலும் அமெரிக்காவில் மோதின. 1999-இல் அங்குள்ள விளம்பரத் தர அமைப்பு, செய்யலாம் என்ற காஸ்ட்ரோல் பக்கம் நின்றது. முழுக்க ரசாயனக் கூடத்தில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்படும் ஆயில் ‘குரூப் 4’. டப்பாவின் முகப்பைப் பார்த்து உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிட முடியாது.

இப்படி எண்ணெயைச் செயற்கையாகச் செய்யும் கதைக்கு நெய்வேலியோடும் ஓர் உறவு உண்டு. கச்சா எண்ணெய்த் தட்டுப்பாடு இருந்த ஜெர்மனி, 1927-இலேயே லாய்னா ஆலையில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தது. போர்க்காலத்தில் செயற்கை மசகு எண்ணெயும் செய்தது. அந்தப் பழுப்பு நிலக்கரிக்கு இன்னொரு பெயர் லிக்னைட். 1961-இல் நெய்வேலிச் சுரங்கத்தில் முதன்முதலாக முகம் காட்டியதும் அதுதான். இங்கே அது மின்சாரமானது.

சரி, காருக்கு வருவோம். ஆயில் மாற்றும்போது பார்க்க வேண்டியது ‘கிரேடு’. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும்; 30 என்பது 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பிசுக்குமையை. கடலூர் மாவட்டத்து மார்கழிக் குளிர் எந்த ஆயிலையும் உறைய வைக்காது. ஆகவே இங்கே சிந்தெட்டிக்கின் பெரிய பலன், வெயிலிலும் டர்போவின் சூட்டிலும் ஆயில் சீக்கிரம் கெட்டியாகாமல் தாங்குவது. 0டபிள்யூ-20 கேட்கும் புதிய எஞ்சினுக்கு, கைவசம் இருக்கிறதே என்று 20டபிள்யூ-40 ஊற்றுவதுதான் தப்பு. சிந்தெட்டிக்கிலிருந்து மினரலுக்கு மாறுவது அல்ல. ஆனால் புதிய கார்கள் கேட்கும் மெல்லிய கிரேடுகள் பெரும்பாலும் சிந்தெட்டிக்கிலேயே வருகின்றன என்பதால், அவற்றுக்கு மினரல் ஆயில் தேடினாலும் கிடைப்பது அரிது.

2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தபின் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை சேர்ந்தது: சாம்பல். லிக்னைட்டை எரிக்கும் ஊர் என்பதால் நெய்வேலிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். புகையில் வரும் கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி அதிலேயே எரிந்துபோகும். ஆயிலில் சேர்த்த உலோக உப்புகள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது. தங்கித் தங்கி வடிகட்டியை அடைக்கும். அதனால் அந்த வண்டிகள் சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கின்றன. எவ்வளவு விலை உயர்ந்த சிந்தெட்டிக்காக இருந்தாலும் சாம்பல் குறைந்தது என்ற குறியீடு இல்லையென்றால் ஊற்றக் கூடாது.

மாறுவதற்குச் சடங்கு ஒன்றும் தேவையில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது பழையதை வடித்து, ஃபில்டரையும் மாற்றிவிட்டு, புதியதை ஊற்றினால் போதும். அடியில் தங்கும் மிச்சம் கெடுதல் செய்யாது. மினரலுக்குத் திரும்பினால் மாற்றும் இடைவெளியை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். சிந்தெட்டிக் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று மெக்கானிக் சொன்னால், டவுன்ஷிப் கார் அந்தக் கணக்கை முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் அச்சிட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுவே கெடு.