நெல்லில் மிஞ்சுவது

நெல்லை அரவைக்குப் போட்டால் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகக் கைக்கு வரும். கொள்முதல் செய்த நெல்லை ஆலைக்குக் கொடுக்கும்போது 100 கிலோவுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ, பச்சரிசி 67 கிலோ என்பது அரசின் கணக்கு. மிச்சத்தில் ஏறத்தாழ 20 கிலோ உமி. மற்றது பெரும்பாலும் தவிடு. அதற்கு முன்பே களத்தில் நெல்லுக்குக் குறையாத எடையில் வைக்கோல் ஒதுங்கியிருக்கும். ஆக, வயலில் அறுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் உலைக்கு வருகிறது. அதிலிருந்தும் கழுநீர், வடிகஞ்சி, மீந்த சோறு என்று கொஞ்சம் கழிகிறது.

தஞ்சாவூரிலிருந்து வடக்கே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்தால் திருவையாறு. இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் சிக்கனம் என்றால், உலைக்கு வராத அந்த இரண்டு பங்கை என்ன செய்வது என்பதுதான். வைக்கோல் மாட்டுக்கு, தவிடும் கழுநீரும் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு, உமி அடுப்புக்கு, சாம்பல் பாத்திரத்துக்கு, கழிவுநீர் கொல்லை வாழைக்கு. இவற்றில் அறிவியல் ஒப்புக்கொள்பவை பல. கைவிட்டதே நல்லது என்று சொல்லத்தக்கவையும் உண்டு.

வைக்கோலில் தொடங்கலாம். அதில் மணற்சத்தான சிலிக்காவும் லிக்னினும் அதிகம். புரதம் 3-4 சதவீதம்தான். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதன் செல்லுலோஸைச் சிதைத்து ஆற்றலாக்கினாலும், அவை பெருகுவதற்குப் புரதம் வேண்டும். அந்தக் குறையைத் தவிடு தீர்க்கிறது: அதில் புரதம் 12 சதவீதம் அளவில் இருக்கிறது, கொழுப்பும் உண்டு. தவிட்டை அன்றன்றைக்கே கழுநீரில் கரைத்து வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. பச்சை நெல்லை அரைத்ததும் தவிட்டிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும். சில மணி நேரத்திலேயே சிக்கு வாடை தட்டும். புழுங்கல் நெல்லின் தவிடு அப்படிச் சீக்கிரம் கெடாது. அவித்தபோதே அந்த நொதி செயலிழந்திருக்கும்.

மாடு இருந்தவரை இந்தச் சங்கிலி அறுபடவில்லை. 1960களில் ஆடுதுறையிலிருந்து ஏடிடீ 27, பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8 என்று புதிய ரகங்கள் டெல்டாவுக்குள் வந்தன. நெல் கூடியது, வைக்கோலின் விகிதம் குறைந்தது. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. அது உமிழ்ந்து போகும் வைக்கோலை உருளையாகச் சுருட்ட இன்னோர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். வீட்டில் மாடும் இல்லை, உருளைக்கு ஆளும் வரவில்லை என்றால் வைக்கோல் வயலிலேயே தீக்கிரையாகிறது. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவந்த மூடாக்கு இந்த இடத்துக்குப் பொருத்தமான மாற்று. வைக்கோலைக் கொல்லையில் செடியடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. ஈரம் ஆவியாவது குறையும். களை முளைப்பதும் குறையும். மழைக்காலத்தில் மட்கி உரமாகும்.

உமியின் கதை வேறு. மாடும் தின்னாத பண்டம் அது. எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. ஒரு கிலோ உமி 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும். இன்றைய புழுங்கல் ஆலைகள் கொதிகலனுக்கு உமியையே எரிப்பதால் நெல் தன்னை அவிக்கும் விறகைத் தானே கொண்டுவருகிறது என்று சொல்லலாம். ஏறத்தாழ 700 டிகிரிக்குள் எரித்த உமிச்சாம்பலின் சிலிக்கா படிகமாகாமல் இருக்கும். அது சுண்ணாம்போடு வினைபுரியும்; ஆகவே சிமென்ட்டில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கலக்க முடிகிறது.

ஆலைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு வீட்டு உமி அடுப்புக்குப் பொருந்தாது. சமையலறைக்குள் உமியும் விறகும் வரட்டியும் எரிந்தால் பிறக்கும் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்தில் ஏறும். எரிவாயு அடுப்பில் அது 60 சதவீதத்துக்கு மேல். அரைகுறையாக எரிந்த புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். அடுப்படிப் பெண்களின் நாள்பட்ட இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் அது முக்கியக் காரணம். காசு மிச்சமானது உண்மைதான். அதற்கான விலையை வேறொருவர் மூச்சில் கொடுத்தார். உமிக்கரியால் பல் துலக்குவதும் இந்த வரிசையில் வருகிறது. சிலிக்கா எனாமலைத் தேய்க்கும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

பாத்திரம் விளக்கச் சாம்பல் நல்ல பொருள். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது; ஈரம் பட்டதும் காரமாகி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அதைச் சோப்பாக்கிக் கரைக்கும். உமிச்சாம்பலில் காரம் குறைவு. அது சுரண்டும், அவ்வளவாகக் கரைக்காது. அடிப்பிடித்த இரும்புச் சட்டிக்கு உமிச்சாம்பல், நெய்க் கிண்ணத்துக்கு விறகுச் சாம்பல் என்று பிரித்துப் பயன்படுத்துவது சரி. பூச்சுப் பாத்திரத்துக்கு இரண்டும் ஆகாது.

நெல்லைப் புழுக்குவது இருமுறை எரிபொருள் செலவழிக்கும் ஊதாரித்தனமாகத் தோன்றும். ஆனால் ஊறிய நெல் அவியும்போது அரிசியின் மாவுச்சத்து கூழாகி, விரிசல்களை அடைத்துக்கொண்டு இறுகும். அரவையில் நொய் குறையும். தவிட்டிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமினும் தண்ணீரோடு உள்ளே இறங்கும். இதன் பலன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தெரியவந்தது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் விழுந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. சோற்றில்தான் விஷயம் இருக்கிறது என்று அங்கிருந்த மருத்துவர்கள் முடிவுக்கு வர இது ஒரு காரணம். மழையில் நனைந்து ஈரம் மிகுந்த நெல்லைக் காக்கும் ஆய்வுக்கெனத் தொடங்கிய நெல் பதன ஆராய்ச்சி மையம், பல பெயர் மாறி, இன்று நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாகத் தஞ்சாவூரில் இயங்குகிறது.

சோறு வெந்ததும் பானையின் வாயில் சிப்பல் தட்டை அழுத்தி, துணியால் பிடித்துச் சாய்த்துவைத்தால் கொழகொழவென்று இறங்குவது வடிகஞ்சி. டெல்டாவில் உண்ணும் சன்ன, மோட்டா ரகங்களில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கணிசமாக உண்டு. அதில் ஒரு பகுதி கொதிநீரில் கசிந்துவிடுவதால்தான் சோறு பொலபொலவென்று உதிர்கிறது. அமைலோஸோடு பி வைட்டமின்களும் கஞ்சியில் இறங்கும். அதை உப்புப் போட்டுக் குடித்தால் வைட்டமின் திரும்பக் கிடைக்கும். நீர்க்கச் செய்து வேட்டியை முக்கினால் நூலின் மேல் மெல்லிய படலமாகக் காயும். அழுக்கு அந்தப் படலத்தின் மேல் ஒட்டுவதால் அடுத்த துவைப்பில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். குக்கர் வந்தபிறகு வடிகஞ்சி அபூர்வமாகிவிட்டது. அதற்காக வருந்த ஒன்றுமில்லை: குக்கரில் வடிப்பதே இல்லை, சத்து வெளியேறவும் வழியில்லை, எரிவாயுவும் மிச்சம்.

மீந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றிவைப்பது வீண்செலவைத் தடுப்பதோடு பாதுகாப்பும் ஆகிறது. வெறுமனே வைத்த சோற்றில், கொதியிலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நஞ்சு சுரக்கலாம். தண்ணீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கும்; புளிப்பு ஏற ஏற அந்தக் கெட்ட பாக்டீரியாவின் வளர்ச்சி அடங்கும். ஆகவே சோறு ஆறியதுமே தண்ணீர் ஊற்ற வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்ததை விடிந்தபின் நீரில் போடுவது பழைய சோறு ஆகாது. பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகிவிடுகிறது என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரியாலும் அதை உண்டாக்க முடியாது. இரும்பைக் கட்டிவைத்திருக்கும் ஃபைடேட்டை நொதித்தல் சிதைப்பதால் உடல் அதை உறிஞ்சுவது கூடும், அவ்வளவே.

அடுப்பில் மிச்சம் பிடிக்க ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வேண்டும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க 540 கிலோகலோரி, ஏறக்குறைய எட்டு மடங்கு. கொதி வந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையின் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் எரிவாயு முழுவதும் ஆவியாகக் கூரைக்குப் போகும். அரிசி வேக அந்த 100 டிகிரியும் தேவையில்லை. ரகத்துக்கு ஏற்ப 55 முதல் 79 டிகிரிக்குள் மாவுச்சத்து கூழாகிவிடும். ஊறவைத்த அரிசியைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி, வைக்கோல் திணித்த கூடைக்குள் இறக்கி மேலேயும் வைக்கோல் வைத்து அமுக்கினால், தீயின்றியே வெந்து முடியும். வைக்கோல்களுக்கு இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பட்ட ஐரோப்பியக் குடும்பங்கள் வைக்கோல் பெட்டியில் இப்படித்தான் சமைத்தன. வைக்கோல் மலிந்த தஞ்சையில் இந்தப் பழக்கம் பரவாதது ஆச்சரியம்தான்.

அடுப்பில் வீணாகும் ஆவிதான் மண்பானையில் வேலை செய்கிறது. பானையின் நுண்துளைகளில் கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். 30 டிகிரிச் சூழலில் ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வேண்டும். வெளிச்சூடு உள்ளே வரவில்லை என்று வைத்துக்கொண்டால், 58 லிட்டரை 10 டிகிரி குளிர்விக்க அது போதும். காற்றில் ஈரம் குறைந்த சித்திரை மதியத்தில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் அதே பானை ஒன்றும் செய்யாது. பானைக்கு வெளிப்பூச்சு அடித்தாலும் துளை அடைந்து குளிர்ச்சி போய்விடும்.

ஆற்று நீரைத் தெளியவைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. மேட்டூர் அணை 1934இல் வந்தபின் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. இருந்தும் வறண்டு கிடந்த மணலில் ஓடிவரும் முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். அந்த நீருக்குத் தேத்தாங்கொட்டை. பானையின் சொரசொரப்பான உட்புறத்தில் அதைச் சில முறை இழைத்து நீர் ஊற்றி வைத்தால், களிமண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படியும். நீரில் மிதக்கும் களித்துகள்களுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு; ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால்தான் அவை படிவதில்லை. கொட்டையிலிருந்து கரையும் பெருமூலக்கூறுகள் அவற்றைப் பிணைத்துக் கனமாக்கும். முருங்கை விதையும் இதே வேலையைச் செய்யும். தெளிந்த நீரில் கிருமி குறையலாம், ஒழியாது. குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

வீட்டுக்குள் வந்த தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் கொல்லை. காவிரிப் படுகையில் வாழைக்குப் பேர்போன ஊர் திருவையாறு. வீட்டுக் கொல்லையிலும் நாலு வாழை நிற்பது வழக்கம். வாழைக்கு ஆண்டுக்கு 1,800 மி.மீ. அளவில் தண்ணீர் வேண்டும். அகன்ற இலைகள் அதை ஓயாமல் ஆவியாக்கும். பொட்டாசியத்தை அது விரும்பி எடுக்கும். அந்தச் சத்து மட்டையிலும் தண்டிலும் நிறைய தங்குகிறது. குலை வெட்டிய மரத்தை நறுக்கிப் பக்கக் கன்றின் அடியிலேயே போட்டால் அடுத்த ஈட்டுக்கு உரச் செலவு குறையும். இலை சாப்பாட்டுக்கு, தண்டு பொரியலுக்கு, காய்ந்த மட்டையின் நார் பூத்தொடுக்க. நாரை நனைத்துத் தொடுத்தால் முறியாது. ஈரம் பட்ட செல்லுலோஸ் இழை வளைந்து கொடுக்கும். இந்த நாரைத் துணியாகவும் கைவினைப் பொருளாகவும் ஆக்கும் ஆய்வுகள் 1993இல் தொடங்கிய திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நடக்கின்றன.

குளித்த நீரும் கழுநீரும் வாழைக்கு நல்லது. துவைத்த நீர் அப்படியல்ல. சலவைத்தூளில் உள்ள சோடியம் கார்பனேட் நாள்தோறும் ஒரே குழியில் விழுந்தால் மண்ணில் சோடியம் சேரும். டெல்டாவின் களிமண்ணுக்கு அது பொல்லாதது: துகள்கள் சிதறித் துளைகளை அடைத்துக்கொள்ளும், மேலே நீர் தேங்கும், கொசு முட்டையிடும், காற்றில்லாமல் வேர் அழுகும். இலையோரம் கருகுவது முதல் அறிகுறி. துவைத்த நீரை மரத்துக்கு மரம் மாற்றிவிடுவதும், இடையில் நல்ல தண்ணீர் பாய்ச்சுவதும் இதைத் தள்ளிப்போடும். மண் ஏற்கெனவே இறுகியிருந்தால் ஜிப்சம் போட்டுக் கொத்திவிட வேண்டும். அதன் கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்கும். அடுத்து வரும் ஐப்பசி மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும்.