சவாலும் ஸதகாவும்: செல்போனில் தர்மம் பரவும்போது நாம் கவனிக்க வேண்டியவை



சென்ற ரமலானில் நம் வாட்ஸ்அப் குழுவில் இளைஞர்கள் ஒரு சவாலைத் தொடங்கினார்கள். ஒருவர் ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்ட பை கொடுக்க வேண்டும். படத்தைக் குழுவில் போட்டு, அடுத்து மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கொடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகப் பைகள் சேர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு படத்தில் பை வாங்கிய சகோதரியின் முகம் தெரிந்தது. அந்தப் படம் குழுவைத் தாண்டி, அவருடைய பிள்ளைகளின் வகுப்புப் பெற்றோர் குழு வரை போய்விட்டது. அதன்பின் அவர் நம்மிடம் எதுவும் வாங்க வரவில்லை. தவறு எங்களுடையது. அடுத்த ரமலானுக்கு முன் இதைப் பேசியாக வேண்டும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

2014-இல் ஏ.எல்.எஸ் என்னும் நரம்பு நோய்க்காக அமெரிக்காவில் ஒரு சவால் பரவியது. தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மேலும் சிலரை அழைக்க வேண்டும். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதைச் செய்ய வேண்டும் அல்லது நன்கொடை தர வேண்டும். சில வாரங்களில் அங்குள்ள ஏ.எல்.எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி அதை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினார். தண்ணீரை வீணாக்காமல் ஒரு வாளி அரிசியை ஏழை ஒருவருக்குக் கொடுங்கள், நண்பர்களையும் அழையுங்கள் என்றார். நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்த நம் பாட்டிமார்களின் பிடி அரிசிதான் இது, செல்போனில் வந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு வேகம்?

ஒருவர் மூவரை அழைத்தால் 3, பிறகு 9, 27, 81, 243. ஆறாவது சுற்றில் 729 பேர். எல்லோரும் செய்வதில்லை, பாதிப் பேர் செய்தாலும் சங்கிலி வளரும். பெயர் சொல்லி அழைத்தால் தட்டிக்கழிப்பது கடினம். வெறும் ஃபார்வர்டுக்கு இந்த வலு கிடையாது. பல முறை அனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020-இல் கட்டுப்படுத்திவிட்டது.

ஊக்கத்துக்கு நட்சத்திரம்தான் வேண்டும் என்பதுமில்லை. 2024 ஏப்ரலில், சவூதியில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த கோழிக்கோட்டுச் சகோதரர் ஒருவரை மீட்கக் கேரள மக்கள் 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது செல்போன் செயலியில் உடனுக்குடன் தெரிந்தது. இலக்கை எட்டியதும் வசூலை நிறுத்தினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு எண்ணை எட்டுவதே அங்கு ஊக்கமாக இருந்தது.

எங்கே சறுக்குகிறோம்?

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று அல்பகரா அத்தியாயத்தின் 271-ஆம் வசனம் சொல்கிறது. ஆகவே பிறரைத் தூண்டுவதற்காக வெளியில் தெரியக் கொடுப்பது தவறல்ல. ஆனால் அதே அத்தியாயத்தின் 264-ஆம் வசனம், சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. பிறர் பார்க்கச் செலவு செய்பவனை அதற்கு உதாரணமாகச் சொல்கிறது. நட்சத்திரப் பட்டியல் நம்மை முகஸ்துதியின் பக்கம் தள்ளியது. அந்தப் படம் ஒரு சகோதரிக்கு நோவினை ஆனது. நூறு ரூபாய்தான் முடியும் என்றிருந்தவரையும் அந்தப் பட்டியல் பின்வரிசையில் நிறுத்தியது.

இனி நம் முறை

1. வாங்குபவரின் முகம், வீடு, தெரு எதுவும் படத்தில் வரக்கூடாது. பையை மட்டும் படம் எடுங்கள்.

2. பெயர்ப் பட்டியல் இல்லை. முல்லா வீதி, காஜியார் வீதி, சுல்தான்பேட்டை என்று பகுதிவாரியாகப் பைகளின் எண்ணிக்கை மட்டும் அறிவிக்கப்படும். இலக்கை எட்டியதும் வசூல் நிற்கும். கணக்கு ஜும்ஆவுக்குப் பின் பலகையில் ஒட்டப்படும்.

3. மதரஸா பிள்ளைகளுக்கு நட்சத்திரம் உண்டு. கொண்டுவந்த தொகைக்கு அல்ல, பிடி அரிசி எடுத்து வைத்த நாட்களுக்கு. எளிய வீட்டுப் பிள்ளையும் முப்பது நட்சத்திரம் வாங்கலாம்.

4. பணம் கட்டிக் கூப்பன் வாங்கி, குலுக்கலில் பரிசு தரும் முறை வேண்டாம். அது சூதாட்டத்தில் சேரும். ஜகாத் பணம் எட்டு வகையினருக்கே உரியது. அதிலிருந்து பரிசுப் பொருள் வாங்கவும் கூடாது.

5. பிரான்ஸிலுள்ள உறவினர்களையும் சவாலுக்கு அழைக்கிறோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் தரும் நன்கொடை, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டப்படி பதிவோ அனுமதியோ பெறாத அமைப்பு அதை வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் பணத்தை வங்கி வழியே அனுப்பத் தடையில்லை. அனுப்பும் முன் எங்களிடம் கேளுங்கள்.

6. அழைக்கப்பட்டவர் பதில் தராவிட்டால் குழுவில் மீண்டும் கேட்காதீர்கள். அவரே உதவி தேவைப்படும் நிலையில் இருக்கலாம்.

அந்தச் சகோதரியிடம் எங்கள் பெண் உறுப்பினர்கள் இருவர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார்கள். தேநீர் கொடுத்து அனுப்பினார். உதவியை இன்னும் ஏற்கவில்லை. நம் பைகளை எண்ணும்போது அந்த வீட்டையும் நினைவில் வைப்போம். வல்ல ரஹ்மான் நம் தர்மங்களைத் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.